ஓர் அமர்வு, இரு விசைப்பலகைகள்

சென்ற மழைக்காலத்து இரவொன்றில், மாஹிமிலுள்ள என் வாடகை அறையிலிருந்து துறைச் சேவையகத்தில் ஒரு கணிப்பின் பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். செம்பூரிலிருந்து இளைய ஆய்வு மாணவர் அழைத்தார்: “அண்ணா, நீங்கள் செய்வதை நானும் பார்க்கலாமா?”

1987 முதல் புழக்கத்திலுள்ள ‘ஸ்கிரீன்’ நிரலில் அதற்கு வழியுண்டு. ‘மல்டியூசர் ஆன்’ என அமர்வைத் திறந்து, ‘ஏசிஎல்ஆட்’ கட்டளையால் அவருடைய பயனர் பெயரைச் சேர்த்தேன்; எழுதும் உரிமையை மட்டும் நீக்கினேன். அவர் தம் கணக்கிலிருந்தே இணைந்தார். என் திரை அவரிடமும் விரிந்தது.

அரைமணி கழித்து, “நான் தட்டச்சு செய்யட்டுமா அண்ணா?” என்றார். தயங்கினேன். பகிர்ந்த அமர்வில் யார் தட்டினாலும் கட்டளை அமர்வுக்கு உரியவர் பெயரிலேயே நிறைவேறும். அவர் விரல் தவறினால் அழிவது என் மூன்றாண்டுத் தரவு. அதை மடிக்கணினிக்கு நகலெடுத்த பின்னரே உரிமையளித்தேன்.

பிழை, உள்ளீட்டுக் கோப்பில் விடுபட்ட ஒரு காற்புள்ளி. அதுவரை பார்த்துக்கொண்டு மட்டுமிருந்தவர், கோப்பைத் தாமே திறந்து வரிவரியாக நகர்ந்தபோதுதான் அதைக் கண்டார், அவரே திருத்தினார்.

நான் அஞ்சியது அவருடைய விரல்களுக்கன்று. நகல் எடுக்காத என் சோம்பலுக்கு. இப்போதெல்லாம் முதலில் நகலெடுக்கிறேன். எழுதும் உரிமையை நீக்குவதில்லை.