ஆளுக்கொரு சுவிட்ச்!

தூங்கப் போகுமுன் வீடு முழுக்க ஒரு சுற்று வந்து, வேண்டாத சுவிட்சுகளை அணைப்பது என் வழக்கம். "ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற நெய்வேலியில இருந்துக்கிட்டு இவ்வளவு சிக்கனமா?" என்று என்னவர் கேலி செய்வார். அந்த நல்ல பழக்கமே ஒருநாள் என்னை அழ வைத்துவிட்டது.

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. படுத்த படுக்கைதான். படுக்கைப் புண் வராமலிருக்க, டாக்டர் சொன்னபடி காற்றுப் படுக்கை வாங்கினோம். ஒரு சின்ன மோட்டார் இரவும் பகலும் ஓடி, படுக்கையிலுள்ள அறைகளில் மாற்றி மாற்றிக் காற்றை நிரப்பும். உடம்பின் பாரம் ஒரே இடத்தில் அழுத்தாது.

காற்றோட்டத்துக்காக அத்தையின் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தோம். பிளக் பாயிண்டோ எதிர்ச்சுவரில். ஆகவே, கடையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கினோம். நாலு பிளக் செருகலாம். ஆனால் நாலுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச்! மோட்டார், மேஜை விசிறி, இரவு விளக்கு, செல்போன் சார்ஜர் எல்லாம் அதிலேதான்.

மார்கழி மாதம். நடு இரவில், "ஃபேன் வேணாம்மா, குளிருது" என்றார் அத்தை. அரைத் தூக்கத்தில் போய்ப் பெட்டியின் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்து படுத்துவிட்டேன். இரவு விளக்கும் கூடவே அணைந்ததே, அதுகூட உறைக்கவில்லை. காற்றுப் படுக்கை இருக்கிற தைரியத்தில், இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பதையும் அன்று விட்டுவிட்டேன்.

விடிந்து பார்த்தால், படுக்கை அப்பளமாய்த் தட்டையாகக் கிடக்கிறது. அத்தையின் இடுப்பருகே ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தேன், வெளுக்கவேயில்லை. படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறியே அதுதானாம். "நீ என்னம்மா பண்ணுவே, தூக்கக் கலக்கம்" என்று அத்தையே எனக்கு ஆறுதல் சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது.

பாலிடெக்னிக்கில் மின்னியல் படிக்கும் என் மகள், "தப்பு உன்மேல பாதி, பெட்டிமேல பாதிம்மா. ஆளுக்கொரு சுவிட்ச் வெச்சு நாமளே செஞ்சிடலாம்" என்றாள்.

என் மாமனார் இங்கே முதல் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020-ல் மூடப்பட்ட நிலையம் அது. அவர் விட்டுப்போன டெஸ்டரையும் ஸ்க்ரூ டிரைவரையும் துடைத்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

பிளாஸ்டிக் சுவிட்ச் பெட்டி, மூடி வைத்த துளைகளுள்ள 6 ஆம்பியர் சாக்கெட் நாலு, சுவிட்ச் நாலு, இண்டிகேட்டர் விளக்கு நாலு, ஒரு ஃபியூஸ், 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர மூன்று கம்பி ஒயர், மூன்று முள் பிளக். இவ்வளவுதான் சாமான்.

சிவப்பு ஒயர் ஃபேஸ். அது ஃபியூஸ் வழியாக நாலு சுவிட்சுக்கும் போய், ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் அதனதன் சாக்கெட்டின் வலது துளைக்குப் போகும். கறுப்பு நியூட்ரல், இடது துளைக்கு. பச்சை எர்த், மேலேயுள்ள பெரிய துளைக்கு. சுவிட்ச் எப்போதும் ஃபேஸ் ஒயரில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் வைத்தால், அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் நிற்கும், ஆபத்து! முடித்ததும், தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சோதித்த பிறகே செருகினோம். உங்கள் வீட்டில் படித்தவர்கள் இல்லாவிட்டால், வேலையையே அவரிடம் விட்டுவிடுங்கள்.

விசிறிக்கு மட்டும் வைஃபையில் இயங்கும் குட்டி சுவிட்ச் ஒன்றை உள்ளே வைத்தாள். அடுக்களையிலிருந்தே செல்போனில் அணைக்கலாம். "மோட்டாருக்கும் வெச்சிடேன்" என்றேன். "கூடவே கூடாதும்மா. கரண்ட் போய்த் திரும்பி வந்தா, சில சுவிட்ச் அணைஞ்சபடியே நின்னுடும்" என்றாள். அந்த ஒன்று பழைய மாதிரி சுவிட்சாகவே இருக்கிறது. கை தவறித் தட்டாமலிருக்க மேலே ஒரு மூடியும் உண்டு.

இன்னொன்று. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் மொத்தம் 1,380 வாட்தான். மோட்டார், விசிறி, விளக்கு எல்லாம் சொற்பம். இஸ்திரிப் பெட்டி, இண்டக்ஷன் அடுப்பு, ஹீட்டர் இவற்றை இதில் செருகவே கூடாது.

பத்து நாளில் அந்தச் சிவப்பு மறைந்தது. கடிகாரத்தில் அலாரம் வைத்து, இரவிலும் அத்தையைப் புரட்டிப் படுக்க வைக்கிறேன். எந்த யந்திரமும் நம் கைக்கு ஈடாகாது என்று பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இப்போதும் இரவுச் சுற்று போகிறேன். "என் லைட்டு எரியுதாம்மா?" என்று இருட்டில் அத்தையின் குரல் கேட்கும். மூடிக்கடியில் சிவப்புப் புள்ளி மினுங்கும். "எரியுது அத்தை, நிம்மதியா தூங்குங்க" என்பேன்.