வீடு வீடாகச் சென்ற பெண்கள்

கனடா என்றதும் எங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது தொலைபேசி அழைப்பும், அவ்வப்போது வரும் காசும், படங்களில் மட்டும் வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட பேரப்பிள்ளைகளும்தான். போரினால் சிதறிய எமது குடும்பங்களில் பாதி அங்கேதான் இருக்கின்றது. ஆனால் எங்கள் உறவினர்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு போய்ச் சேர்ந்து, அவமானப்பட்டு, குடும்பத்தைப் பிரிந்திருந்து, பின்னர் தமக்கென்று சேவைகளையும் ஒரு குரலையும் உருவாக்கிக்கொண்ட சீன மக்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவர்களுடைய கதையில் பெண்களின் பங்கு பெரியது. சமூகப்பணியில் இருப்பவள் என்ற வகையில் எனக்கு அது மிகவும் பயன்பட்டது. அதனால்தான் இதை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

2018ஆம் ஆண்டு அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக மூன்று மாதங்கள் ரொறன்ரோவில் ஸ்காபரோப் பகுதியில் தங்கியிருந்தேன். தமிழரும் சீனரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இடம் அது. அக்காவின் மாமியாரை வாரத்தில் இரண்டு நாள் முதியோர் நிலையம் ஒன்றுக்குக் கூட்டிச்செல்வது என்னுடைய பொறுப்பு. அங்கே சீனப் பாட்டிமாரும் எங்கள் அம்மம்மாமாரும் ஒன்றாக உடற்பயிற்சி செய்வார்கள். "அவையின்ரை பாஷை எனக்கு விளங்காது பிள்ளை. ஆனால் அந்த மனிசி தன்ரை முழங்காலைக் காட்டினவ, நான் என்ரையைக் காட்டினன். அதோடை சிநேகிதம்" என்றார் மாமி.

அந்த நிலையத்தின் சுவரில் சீனத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டிருந்தன. இரத்த அழுத்தம் பார்க்கும் நாள், வரிப் படிவம் நிரப்ப உதவும் நாள், வாக்காளர் பதிவு பற்றிய விளக்கம் என்று பலவும் இருந்தன. வைத்திய உதவிக்குப் பக்கத்திலேயே வாக்குரிமை பற்றிய அறிவித்தல் இருந்தது எனக்குப் புதுமையாகப்பட்டது. அங்கு வேலை செய்த சீனப் பெண் ஒருவரிடம் அதைச் சொன்னேன். "இதெல்லாம் சும்மா கிடைத்ததென்று நினைக்கிறீர்களா? எங்கள் பாட்டிமார் கேட்டு வாங்கியது. வன்கூவரில் ஸ்ராத்கோனா என்ற இடத்தைப் பற்றித் தேடி வாசியுங்கள்" என்றார் அவர். அப்படித் தேடி வாசித்ததில் அறிந்தவைதான் இவை.

1880களில் கனடாவின் மேற்குப் பகுதியில் புகையிரதப் பாதை அமைக்க சுமார் 15,000 சீனத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். மலைகளைக் குடையும் ஆபத்தான வேலைகளில் பலர் உயிரிழந்தனர். 1885இல் பாதை முடிந்ததும், இனிமேல் வரும் சீனர் ஒவ்வொருவரும் 50 டொலர் தலைவரி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. 1900இல் அது 100 டொலராகவும் 1903இல் 500 டொலராகவும் உயர்ந்தது. ஒரு தொழிலாளியின் ஏறத்தாழ இரண்டு வருட உழைப்பு அது. வேறெந்த நாட்டவருக்கும் அந்த வரி இருக்கவில்லை. பின்னர் 1923 ஜூலை 1ஆம் திகதி முதல் சீனரின் வருகையே தடைசெய்யப்பட்டது. 1947இல் அச்சட்டம் நீக்கப்படும்வரை 24 ஆண்டுகளில் உள்ளே விடப்பட்ட சீனர் ஐம்பது பேரும் இல்லை.

இதன் விளைவைச் சுமந்தவர்கள் பெண்கள். கணவன் கனடாவிலும் மனைவி தென்சீனக் கிராமத்திலுமாக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிரிந்து கிடந்தன. வட அமெரிக்காவைத் 'தங்கமலை' என்று அழைத்த சீனர்கள் இந்தப் பெண்களைத் தங்கமலை மனைவியர் என்றார்கள். பெயரில் தங்கம் இருந்தது. வாழ்க்கையில் இருந்ததோ மாமியார் வீட்டு வேலையும், எப்போதாவது வரும் கடிதமும், அதனுடன் வரும் பணமும்தான். ஜப்பானுடனான போர்க்காலத்தில் அந்தப் பணமும் கடிதமும்கூட நின்றுபோயின. திருமணமாகிச் சில மாதங்களில் பிரிந்த கணவனை இருபது ஆண்டுகளின் பின் கண்டவர்களும் உண்டு, காணாமலே இறந்தவர்களும் உண்டு. காத்திருத்தல் என்றால் என்னவென்று எங்கள் வாசகிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1947இல் தடை நீங்கியபின்னும் குடும்பங்களை ஒன்றுசேர்ப்பது இலகுவாக இருக்கவில்லை. 1957இல் இதைக் கேட்பதற்காகச் சீனச் சமூகத்தின் பிரதிநிதிகள் குழுவொன்று ஒட்டாவாவுக்குச் சென்று பிரதமர் டீபன்பேக்கரைச் சந்தித்தது. அக்குழுவில் இருந்த ஒரே பெண் ஜீன் லம். இவர் கனடாவிலேயே பிறந்தவர். பன்னிரண்டு வயதில் பாடசாலையை விட்டவர். ரொறன்ரோவில் சிறு கடை நடத்தியவர். 1939இல் சீனாவில் பிறந்த ஒருவரை மணம் முடித்ததால், பிறந்த நாட்டின் குடியுரிமையையே இழந்து, 1947இல் திரும்பப் பெற்றவர். 1960களின் கடைசியில் ரொறன்ரோவின் பழைய சீனர் தெருக்களில் எஞ்சியிருந்ததையும் நகரசபை இடிக்க முற்பட்டபோது அதைக் காப்பாற்றும் குழுவுக்கும் அவரே முன்னின்றார். 1976இல் கனடாவின் உயர் விருதான 'ஓடர் ஒஃப் கனடா'வைப் பெற்ற முதலாவது கனேடிய சீனப் பெண்மணியும் அவரே.

ஜீன் லம் ஆங்கிலம் பேசத் தெரிந்தவர். ஆங்கிலம் சரிவரத் தெரியாத பெண்கள் என்ன செய்தார்கள்? அதற்குத்தான் ஸ்ராத்கோனாவைப் பார்க்க வேண்டும்.

ஸ்ராத்கோனா, வன்கூவர் நகரின் சீனர் கடைத்தெருவை அடுத்துள்ள பழைய குடியிருப்பு. 1950களின் இறுதியில் நகரசபை அதனைச் சேரியென்று முடிவுசெய்து, வீடுகளை இடித்து மாடிக் குடியிருப்புகள் கட்டத் திட்டமிட்டது. வீடுகளைத் திருத்தவும் அனுமதி கிடைக்கவில்லை. தெருக்களும் பராமரிக்கப்படவில்லை. திருத்த விடாமல் வைத்திருந்து, பிறகு பழுதடைந்துவிட்டது என்று சொன்னால் யார்தான் என்ன செய்வது! சீனச் சங்கங்களின் பெரியவர்கள் மனுக்கள் கொடுத்தார்கள். பலன் கிட்டவில்லை. முதல் இரண்டு கட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் வீடுகளை இழந்தனர். அதற்கும் மேலாக, அவ்வழியே அதிவேக நெடுஞ்சாலை ஒன்றைக் கொண்டுபோகும் திட்டமும் வந்தது.

1968 டிசம்பரில் எஞ்சியிருந்த வீட்டுக்காரர்களும் வாடகைக்கு இருந்தோரும் ஒரே சங்கமாகக் கூடினார்கள். சொந்த வீட்டுக்காரர் வேறு, வாடகைக்காரர் வேறு என்று பிரியாமல் சேர்ந்ததை நாம் கவனிக்க வேண்டும். அதன் பின்னால் மேரி லீ சான் என்ற தாயும் பல்கலைக்கழக மாணவியான அவரது மகள் ஷேர்லி சானும் இருந்தார்கள். பெசி லீ போன்ற பெண்களும் இருந்தார்கள். தாய் வீடு வீடாகச் சென்று அயலவருடன் சீன மொழியில் பேசினார். ஆங்கிலம் தேவைப்பட்ட இடத்தில் மகள் பேசினார். தெருவுக்கு ஒருவர் பொறுப்பாக இருந்து செய்தியைக் கொண்டுபோனார்கள். கையெழுத்துச் சேர்த்தார்கள். கூட்டங்கள் இரு மொழிகளிலும் நடந்தன. அரசியல்வாதிகளையும் அதிகாரிகளையும் அழைத்துத் தெருக்களைச் சுற்றிக் காட்டி, விருந்தும் கொடுத்தார்கள். சேரி என்று கடதாசியில் எழுதியவர்களை அந்த வீட்டுத் தோட்டங்களின் மரக்கறியைப் பார்க்க வைத்தார்கள்.

என்னை மிகவும் கவர்ந்த இன்னொரு விடயமும் இதில் உண்டு. அங்குள்ள மக்கள் இடம்பெயர்வதற்கு உதவவென்று நகரசபை டார்லீன் மார்சாரி என்ற இளம் சமூகப்பணியாளரை நியமித்திருந்தது. அவரோ மக்களிடம் போய்ப் பேசியபின், அவர்கள் இடம்பெயராமல் இருப்பதற்கே துணை நின்றார். சம்பளம் தருவது யார், பணி யாருக்கு என்ற கேள்வி எங்கள் தொழிலில் நித்தமும் எழுவது. அதற்கு அவர் சொன்ன பதிலாகவே இதனை நான் எடுத்துக்கொள்கிறேன்.

1969இல் மத்திய அரசு, குடியிருப்பாளர்களைச் சேர்த்துக்கொள்ளாத திட்டத்துக்குப் பணம் தர மறுத்தது. நெடுஞ்சாலைத் திட்டமும் கைவிடப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் வீடுகளைத் திருத்துவதற்கான நிதித் திட்டம் உருவானபோது மத்திய அரசு, மாகாண அரசு, நகரசபை ஆகிய மூன்றுடன் நான்காவது தரப்பாக இந்தச் சங்கமும் மேசையில் அமர்ந்தது. அந்த நான்காவது கதிரைதான் இந்தக் கதையின் முக்கிய பொருள். வெற்றி முழுமையானதல்ல. ஸ்ராத்கோனாவின் மேற்கு ஓரத்தில் இருந்த கறுப்பின மக்களின் சிறு குடியிருப்பு மேம்பாலத்துக்காக இடிக்கப்பட்டது. ஆனாலும் மிகுதி ஊர் இன்றும் இருக்கின்றது.

1967இல் குடிவரவு விதிகள் மாறியதும் கொங்கொங்கிலிருந்து புதிய சீனக் குடும்பங்கள் பெருமளவில் வரத் தொடங்கின. அவர்களுக்கு மொழி பெரும் தடையாக இருந்தது. 1973இல் வன்கூவரில் 'சக்சஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிறுவனம் இதற்காகவே தொடங்கப்பட்டது. ஒருவருக்கொருவர் உதவுதல் என்ற கருத்து அதன் சீனப் பெயரிலேயே இருக்கின்றது. மொழி வகுப்பு, தொழில் வழிகாட்டல், குடும்ப ஆலோசனை, முதியோர் பராமரிப்பு என்று வளர்ந்து இன்று சீனரல்லாத பிற நாட்டவருக்கும் அது சேவையாற்றுகின்றது.

புலம்பெயர்ந்த குடும்பங்களில் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். வைத்தியர் சொல்வதை எட்டு வயது மகன் தாய்க்குச் சொல்ல வேண்டும். தாயின் கருப்பை நோயை அவன் எப்படிச் சொல்வான்? தகப்பன் அடித்தான் என்று பொலிசாருக்கு எந்த வாயால் சொல்வான்? பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை வைத்தியசாலைகளில் வைப்பதென்பது, பிள்ளையின் முதுகிலிருந்து இந்தச் சுமையை இறக்குவதாகும். இதற்காகக் கனடாவரை போக வேண்டியதில்லை. கிளிநொச்சி மாவட்டத்தில் நான் வேலை செய்யும் கிராமமொன்றில், காணி தொடர்பாக அலுவலகம் ஒன்றிலிருந்து சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தைப் பாடசாலையில் சிங்களம் படிக்கும் பதினொரு வயது மகள்தான் தாய்க்கு வாசித்தாள். பாதிதான் அவளுக்கு விளங்கியது. விளங்கிய பாதியை வாசித்துவிட்டு, "அம்மா, எங்களை எழும்பச் சொல்லுகினமோ?" என்று கேட்டாள்.

முதியோரின் நிலையும் இப்படித்தான். தம் மொழி பேசாத, தம் உணவு கிடைக்காத முதியோர் இல்லங்களில் சீன முதியவர்கள் வாயடைத்துப் போயிருந்தார்கள். ஜோசப் வொங் என்ற குடும்ப வைத்தியர் பலரைச் சேர்த்துப் பணம் திரட்டியதன் பயனாக 1994இல் ஸ்காபரோவில் யீ ஹொங் முதியோர் நிலையம் திறக்கப்பட்டது. முதியவருக்குக் கஞ்சி கொடுப்பதும், அவருடைய மொழியில் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதும் மருந்துக்கு ஈடானவை என்பதை அது நிரூபித்தது.

இதே வைத்தியர் அதற்கு முன்னர் வேறொரு போராட்டத்திலும் முன்னின்றார். 1979இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, வெளிநாட்டு மாணவர்கள் கனேடியரின் பல்கலைக்கழக இடங்களைப் பறிப்பதாகக் கூறி, சீன முகங்களைக் காட்டியது. காட்டப்பட்டவர்களோ கனேடியப் பிரஜைகள். மக்கள் தெருவில் இறங்கினார்கள். தொலைக்காட்சி நிறுவனம் 1980இல் மன்னிப்புக் கேட்டது. அந்தப் போராட்டத்திலிருந்து சீனக் கனேடியர் தேசிய பேரவை உருவானது. தலைவரி கட்டிய முதியவர் ஒருவர் தமது பழைய பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்ப் பாராளுமன்ற உறுப்பினரிடம் காட்டியதும், பேரவை அப்படியான குடும்பங்களைப் பதிவு செய்யத் தொடங்கியது. சுமார் 4,000 பேர் பதிந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கேட்டபின், 2006 ஜூன் 22ஆம் திகதி பிரதமர் ஹாப்பர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். உயிரோடிருந்த வரி செலுத்தியோருக்கும், இறந்தோரின் வாழ்க்கைத் துணைவருக்கும் 20,000 டொலர் வழங்கப்பட்டது. பெற்றோர் இருவரையும் இழந்துவிட்ட பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் குறை இன்றும் உண்டு. ஆயினும் எண்பது ஆண்டுகளாகப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒரு துண்டுக் கடதாசி சாட்சியாக நின்றதை நினைத்துப் பாருங்கள்.

சகோதரிகளே, எமது நிறுவனங்களில் உங்களைப் 'பயனாளி' என்று எழுதுவோம். கூரைத் தகடு பெற்ற பயனாளி, கோழிக்குஞ்சு பெற்ற பயனாளி. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது 'பங்கேற்பு' என்ற சொல்லுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதியிருக்கிறேன். ஸ்ராத்கோனாப் பெண்கள் அதை ஒரு கதிரையால் விளக்கிவிட்டார்கள். உதவி பெறுவதில் வெட்கமில்லை. என்ன உதவி, யாருக்கு, எப்போது என்று தீர்மானிக்கும் இடத்திலும் நாம் இருக்க வேண்டும்.

எங்கள் நாட்டில் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே உள்ளது. பதில் தமிழில் வராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் காணி பற்றிய கோப்பில் என்ன இருக்கின்றது என்று எழுத்தில் கேட்கலாம். தனியாளாகக் கேட்கப் பயமென்றால் மாதர் சங்கமாகக் கேட்கலாம். எந்தப் பற்றுச்சீட்டையும், பழைய உறுதியையும், கூப்பன் மட்டையையும் எறிய வேண்டாம்.

நான் சொன்ன அந்தக் கிராமத்தில் தாயும் அயலவருமாக 23 பெண்கள் கையெழுத்திட்டு, கடிதத்தைத் தமிழில் தரும்படி கேட்டார்கள். கையெழுத்துக்காக வீடு வீடாகப் போனவர் அந்தத் தாயேதான். ஆறு வாரத்தின் பின் தமிழில் பதில் வந்தது. 'தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படுகின்றது' என்றிருந்தது. காணிப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைப் பிள்ளையைக் கூப்பிடாமல் அவர் தாமே வாசித்தார். அடுத்த கடிதத்தில் என்ன கேட்பதென்று இப்போது சங்கத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் ஊரிலும் அப்படியொரு கடிதம் இருக்கும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அதைக் கொண்டு வாருங்கள். பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.