பேர் எழுதாத படம் கணக்கில் இல்லை

பள்ளி ஆண்டு மலர்களில் ஒரு படம் மட்டும் மாறுவதே இல்லை. மேடை, குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர் நீட்டும் கோப்பை. வாங்குகிற பிள்ளை கோப்பையையும் பார்க்காது, கொடுப்பவரையும் பார்க்காது. கேமராவைப் பார்த்து விறைத்து நிற்கும். வேப்பம்பட்டில் ஒரு மெட்ரிக் பள்ளியில் மலருக்கான படங்களைப் பிள்ளைகளையே எடுக்கவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அரக்கோணம் லோக்கலில் ஏறினேன். திருநின்றவூர் தாண்டினால் அடுத்த நிலையம்.

சொல்லித் தருபவர் இந்தக் கோப்பைப் படத்தை எடுத்தே பிழைத்தவர். சி.டி.எச். சாலையோரம் சின்ன ஸ்டுடியோ. வகுப்பு குரூப் போட்டோ, ஆண்டு விழா, நடுவே கல்யாணம், காதுகுத்து. ஓவிய ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் சனிக்கிழமைகளில் வருகிறார். பிள்ளைகளுக்கு ஓவிய ஆசிரியர் ‘மாஸ்டர்’, இவர் ‘அண்ணா’. பள்ளியின் பழைய கேனான் ஒன்று, 18-55 லென்ஸோடு. மாணவர்கள் செல்போன் கொண்டுவரக் கூடாது என்பதால் மாஸ்டருடைய போன்தான் இரண்டாவது கேமரா.

முதல் பாடத்தில் கேமராவே கிடையாது. ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. “படத்துல இருக்கிறவங்க பேரு, கிளாஸு, செக்‌ஷன் எழுதலைன்னா அந்தப் படம் என் கணக்குல இல்ல. இடமிருந்து வலம். இன்ஷியலோட.” ஏதோ அலுவலக வேலையைச் சொல்லித் தருகிறார் என்றுதான் முதலில் பட்டது. மைதானத்தில் பார்த்தபோதுதான் அதில் இருந்த தந்திரம் புரிந்தது. கூச்சப்படும் பையன் தூரத்திலிருந்தே எடுப்பான். படத்தில் பாதி வானம், மீதி மண், நடுவே எறும்பு போல நாலு பேர். பேர் கேட்க வேண்டும் என்றால் பக்கத்தில் போயே ஆக வேண்டும். போனவன் இரண்டு வார்த்தை பேசுவான். பேசின பிறகு எதிரில் இருப்பவர் விறைப்பு விட்டுத் தன் வேலையைத் தொடர்வார். “கிட்டப் போ” என்று ஆயிரம் தடவை கத்தினாலும் நடக்காததை அந்த நோட்டு நடத்திவிடுகிறது.

வெளிச்சத்தைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை, செய்துகாட்டுகிறார். பன்னிரண்டு மணி வெயிலில் ஒரு மாணவியை நிறுத்தினார். கண் இருந்த இடத்தில் இரண்டு கருங்குழி. வேப்பமரத்தடிக்கு மாற்றினார், இலை இடுக்கில் இறங்கிய வெயில் முகமெங்கும் திட்டுத்திட்டாய் விழுந்தது. பிறகு வராந்தா ஓரம், முகம் வெளியே பார்த்தபடி. எல்லாரும் “ஆ” என்றார்கள்.

கம்ப்யூட்டர் லேபில் வேறு சிக்கல். கபடிக்குச் சொன்ன 1/500 ஷட்டரையே ஒருவன் அங்கேயும் வைத்திருந்தான். படத்தின் குறுக்கே பட்டைபட்டையாக இருட்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பழைய டியூப்லைட் நொடிக்கு நூறு முறை கூடிக் குறைகிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் பட்டை போய்விடும். அண்ணனுக்கு அனுபவத்தில் தெரியும். காரணத்தை விளக்கியது பிளஸ் ஒன் இயற்பியல் மாணவி. பாடப் புத்தகத்துக்கு வெளியே அந்த 50 ஹெர்ட்ஸை அவள் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தானாம்.

அச்சகத்துக்காரர் பாடமும் உண்டு. செலவு கருதி உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளைதான். மல்டிகலர் ரேப்பருக்கு மட்டும். கறுப்பு வெள்ளையில் ரெட் ஹவுஸ் பனியனும் கிரீன் ஹவுஸ் பனியனும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். கபடிப் படத்தில் யார் யாரைப் பிடிக்கிறார் என்றே தெரியாது. நிறத்தை நம்பாதே, வெளிச்சத்தையும் நிழலையும் நம்பு என்று பழகுகிறார்கள். ஏ4 முழுப் பக்கத்துக்கு, இன்ச்சுக்கு 300 புள்ளி கணக்கில், 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிப் போகும், டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். எத்தனையோ மலர்களில் முகங்கள் கலங்கிக் கிடப்பதற்குக் காரணம் கேமரா அல்ல, இதுதான்.

மாணவர்கள் கையில் கேமரா என்பதைப் புதுமை என்று மாஸ்டர் பெருமைப்பட்டார். சென்னைக்கு அது பழைய கதை. 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப் பள்ளி, இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி, அந்தக் காலத்திலேயே போட்டோவும் சொல்லித் தந்தது. 1858-இல் தஞ்சாவூர், மதுரைக் கோயில்களைப் படமெடுத்த லினியஸ் ட்ரைப்புக்கு உதவியாக இருந்த சி. அய்யாசாமி அந்தப் பள்ளியோடு தொடர்புடையவர். இன்றைக்கு வந்தால், மதுரைக்காரரான எம். பழனிக்குமார் தூய்மைப் பணியாளர், மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார். அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டையும் தெருவையும்தான் எடுத்தார்கள். பள்ளி மலரில் குறைவது அதுதான் என்பது என் எண்ணம்: பள்ளியில் நடக்கும் விழா இருக்கும், பள்ளி நடக்கும் விதம் இருக்காது.

வேப்பம்பட்டில் அது கொஞ்சம் இருந்தது. பெல் அடிப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் ஆயாம்மா. கெமிஸ்ட்ரி லேபில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பியூரெட் திறக்கும் விரல்கள். விரல்கள் மட்டும் ஏன் என்றேன். அந்தப் பெண்ணின் வீட்டில் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. பள்ளி எல்லாருக்கும் படிவம் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருந்தது. “முகம் வேணாம்னா கை இருக்கு பாப்பா” என்றாராம் அண்ணன். முகம் இருந்திருந்தால் நான் அந்தப் படத்தை இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டேன்.

கோப்பைப் படத்தை அண்ணன் ஒதுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். “அப்பா அம்மா அதைத்தான் லேமினேட் பண்ணி மாட்டுவாங்க. அதையும் ஒழுங்கா எடு. எடுத்துட்டு உடனே இறங்கிடாத, அவன் கீழ வந்து ஃப்ரெண்டுகிட்ட காட்டுவான் பாரு, அதையும் எடு.”

நான் போன அன்று தகராறு வேறு சில படங்களில். மதியம் இரண்டரை மணி, நிறுத்திய வேன்களுக்குள் டிரைவர்கள் சீட்டில் சாய்ந்து தூங்குகிறார்கள். நல்ல படங்கள், ஒன்றில் ஜன்னல் வெளிச்சம் ஒருவர் பாதத்தில் விழுந்திருந்தது. போக்குவரத்துப் பொறுப்பாளர் ஒப்பவில்லை. தூங்கும் டிரைவரைப் பார்த்தால் பெற்றோர் என்ன நினைப்பார்கள்? காலை ஐந்தரைக்கு வண்டி எடுப்பவர் மதியம் தூங்காவிட்டால்தான் பெற்றோர் பயப்பட வேண்டும் என்று எடுத்த பையன் வாதாடினான். எனக்கு அவன் பக்கம்தான் நியாயம் என்று தோன்றியது. ஆனால் மாஸ்டர் கேட்ட கேள்வி வேறு. “நோட்டுல பேர் இருக்கா?” இல்லை. தூங்குகிறவரை எழுப்பிப் பேர் கேட்கவில்லை.

பையன் நோட்டை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனான். ஒருவர் சிரித்தார், பேரையும் சொன்னார். இன்னொருவர், “வீட்ல பாத்தா சங்கடப்படுவாங்க தம்பி” என்றார். அவர் இருந்த படத்தை அவர் கண்ணெதிரே அழித்தான். மிச்சப் படத்துக்குப் பொறுப்பாளர் இன்னும் சம்மதிக்கவில்லை. மலர் பொங்கல் கழித்து அச்சுக்குப் போகிறது.