வெள்ளிக்கிழமை பூஜையில் மூணு தடவை கரண்ட் போனது ஏன்?

கிள்ளானில் நம்ம கோயில் மண்டபத்து மீன் தொட்டி ஏன் இரண்டு வாரமா இருட்டா இருந்துச்சுன்னு பிள்ளைகள் எல்லாரும் கேட்டாங்க. பதில் கொஞ்சம் நீளம். வீட்டில் மீன் தொட்டி வச்சிருக்கிறவங்க தயவுசெய்து கடைசி வரை படிங்க.

தொட்டிக்கு மேலே இருந்த டியூப் லைட் ரொம்ப நாளா மினுக்கிக்கிட்டே இருந்துச்சு. பிரிக்பீல்ட்ஸ்க்கு மாலை எடுக்கப் போனப்போ புது டியூப் வாங்கி வந்து மாட்டினோம். மூணு நாள் நல்லா எரிஞ்சுது. அப்புறம் பழைய கதைதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை, தீபாராதனை நேரத்தில் மொத்தக் கோயிலும் இருட்டாயிடுச்சு. மெயின் பெட்டியில் ஆர்சிசிபி விழுந்திருந்தது. தூக்கிவிட்டோம். பத்து நிமிஷத்தில் மறுபடியும் விழுந்தது. மூணாவது தடவை எங்களில் ஒருத்தர், "இது ரொம்ப சென்சிட்டிவ் லா, எடுத்துட்டு நேரா ஒயரைக் கட்டிடலாம்" என்றார். நாங்களும் தலையாட்டினோம். அதை நினைச்சா இப்பவும் கை நடுங்குது.

அப்போதான் பூக்கட்டும் அக்கா கேட்டாங்க: "போன வாரம் தேவார வகுப்புப் பிள்ளை ஒண்ணு, தொட்டி லைட்டைத் தொட்டா சுருக்குனு குத்துதுன்னு சொல்லலையா?"

சொன்னாள். "கண்ணாடி முனை குத்தியிருக்கும், தள்ளி நில்லும்மா"ன்னு நாங்கதான் அனுப்பிவிட்டோம்.

உடனே எல்லா சின்ன சுவிட்ச்சையும் இறக்கி, ஆர்சிசிபியைத் தூக்கி, ஒவ்வொண்ணா ஏத்திப் பார்த்தோம். மண்டப வாசல் லைனை ஏத்தினதும் விழுந்தது. கரண்டை நிறுத்திட்டுத் தொட்டி பிளக்கைப் பிடுங்கி, மறுபடி ஏத்தினோம். அப்பவும் விழுந்தது. அப்படின்னா கோளாறு விளக்கில் மட்டும் இல்லை, சாக்கெட்டிலும் இருக்கு. அந்த லைனை மட்டும் இறக்கி வச்சுட்டு பூஜையை முடிச்சோம்.

மறுநாள் பதிவு பெற்ற வயர்மேன் வந்து திறந்து காட்டினார். தைப்பூசத்துக்குக் கழுவினப்போ உடைஞ்ச மூடிக் கண்ணாடியை நாங்க மாத்தவே இல்லை. காற்றுக் குமிழி தெறிக்கிற தண்ணியும் ஆவியும் நேரா விளக்குக்குள்ளே ஏறியிருக்கு. ஒயர் வழியா வழிஞ்ச தண்ணி கீழே இருந்த சாக்கெட்டுக்குள்ளே போயிருக்கு. விளக்குக்கு இரண்டு பின் பிளக். எர்த் துவாரத்தில் பேனா மூடியைக் குத்தி அதைச் சொருகினதும் நாங்கதான். இரும்பு உடம்பு, எர்த் இல்லை. அதில் கசிஞ்ச கரண்ட் ஒரு கைக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கு.

"மெயின் ஆர்சிசிபி இருந்தும் அந்தப் பிள்ளை தொட்டப்போ ஏன் விழலை?"ன்னு கேட்டோம். அது 100 மில்லி ஆம்பியராம். 30 மில்லி ஆம்பியரே இதயத் துடிப்பைக் குலைச்சிடலாம். ஈரமான இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர் வைக்கணும்னு நம்ம நாட்டு 1994 மின்சார விதிமுறையே சொல்லுது. அந்தப் பிள்ளையின் விரல் சொன்னதை எங்க மெயின் பெட்டி சொல்லவே முடியாது.

இப்போ செஞ்சிருக்கிறது: அந்த லைனுக்குத் தனியா 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. தண்ணி புகாத 12 வோல்ட் எல்இடி விளக்கு, அடாப்டர் தொட்டிக்குத் தள்ளி உயரத்தில். புது மூடிக் கண்ணாடி. ஒயர் சாக்கெட்டை விடக் கீழே தொங்கி, வளைஞ்சு மேலே ஏறுது. வழியிற தண்ணி அந்த வளைவிலேயே சொட்டிடும்.

உங்க வீட்டிலும் தொட்டிக்குள்ளே கை விடுறதுக்கு முன்னாடி எல்லா பிளக்கையும் பிடுங்குங்க. இரண்டு பின் பிளக்கைக் குத்திச் சொருகாதீங்க. ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அழுத்திப் பாருங்க. விழலைன்னா அது வேலை செய்யலை, வயர்மேனைக் கூப்பிடுங்க. அடிக்கடி விழுந்தா அதைத் திட்டாதீங்க, காரணத்தைத் தேடுங்க.

பழைய விளக்கைப் பிரிச்சப்போ உள்ளே செம்புக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு. வாரா வாரம் கோயில் செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிற எங்களுக்கு அது புதுசு இல்லை. ஆணவ மலத்துக்கு நம்ம சைவ சித்தாந்தம் சொல்ற உவமையே செம்பில் இருக்கும் களிம்புதான். சின்னப் பிள்ளை சொன்னதைக் கேட்காம அனுப்பிவிட்டோமே, அந்த 'எங்களுக்குத் தெரியும்'தான் எங்க களிம்பு.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு எல்லாரும் மன்னிப்புக் கேட்டோம். அவள் வெட்கப்பட்டுச் சிரிச்சா. புது விளக்கை அவள் கையாலேயே போடச் சொன்னோம். போட்டாள்.

மீன்கள் எல்லாம் நலம். முருகன் காப்பாத்தினார்.

ஓம் சரவணபவ.