கெயின் குமிழும் முசியே எழுதிய சூத்திரமும்

காரில் பாட்டுக் கேட்கும் பிள்ளைகளுக்கு, ஆம்ப்ளிஃபையரில் 'கெயின்' என்று எழுதியிருக்கும் அந்தச் சின்னக் குமிழ் இன்னொரு வால்யூம் குமிழ்தான். வலப்பக்கம் திருகினால் சத்தம் கூடுகிறதே, அப்புறம் என்ன என்கிறார்கள்.

எங்கள் கீழ் வீட்டில் குடியிருக்கும் பையனும் அப்படித்தான் நினைத்திருந்தான். புதுச்சேரியிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வாடகைக் கார் ஓட்டுகிறவன். சிறுகச் சேர்த்த பணத்தில் ஆம்ப்ளிஃபையரும் முன்கதவு ஸ்பீக்கர்களும் வாங்கிப் போட்டான். இரண்டே வாரத்தில் ட்வீட்டர் இரண்டும் கருகிவிட்டன. மாற்றினான், அவையும் போயின. ஸ்பீக்கர் தாங்கவில்லை, பெரியதாகப் போடு என்று கடையில் ஒரு விலை சொன்னார்களாம். அது அவன் காருக்குக் கட்டும் மாதத் தவணையைவிட அதிகம். "டென்ஷனா இருக்கு தாத்தா" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும் நான் பிரெஞ்சு வகுப்பிலேயே படித்தவன். அங்கே வோல்டேஜுக்குப் பெயரே 'தான்சியோன்'. அதைக் குறிக்க 'வி' என்று எழுத மாட்டோம், 'யு' என்றுதான் எழுதுவோம். பிசிக் முசியே கரும்பலகையில் எழுதிய சூத்திரங்கள், முப்பத்தைந்து வருடம் கோப்புகளில் குறிப்பெழுதிய பிறகும் எனக்கு மறக்கவில்லை. பையனின் டென்ஷனும் தான்சியோனால் வந்ததுதான்.

கெயினை ஆம்ப்ளிஃபையரின் காது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீரியோ பேசுகிறது, இது கேட்கிறது. சில ஸ்டீரியோக்கள் 2 வோல்ட்டில் மெல்லப் பேசும்; சில 4 வோல்ட்டில் உரக்கப் பேசும். யார் எப்படிப் பேசுகிறாரோ அதற்குத் தக்கபடி காதைத் தீட்டுவதற்குத்தான் அந்தக் குமிழ். அதனால்தான் அதன் எண்கள் தலைகீழாக இருக்கின்றன: இடக்கோடியில் 6 வோல்ட், வலக்கோடியில் 0.2 வோல்ட். வலக்கோடியில் வைத்தால், "0.2 வோல்ட் வந்தாலே என் முழுப் பலத்தையும் காட்டிவிடுவேன்" என்று பொருள். அப்போது 2 வோல்ட் வந்தால்? கொடுக்கப் பலம் மிச்சமில்லை. ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிடும். மூலப் பாட்டில் இல்லாத கீச்சு ஒலிகள் அதில் சேரும். அவை நேரே ட்வீட்டருக்குப் போகும். ஸ்பீக்கருக்குள் இறங்கும் சக்தியும் ஏறும். முழுச் சதுரமாகிவிட்டால், அதே உயரமுள்ள நல்ல அலையைப்போல இரண்டு மடங்கு.

பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் 2000 வாட் என்று போட்டிருந்தது. அதை விடுங்கள். கையேட்டில் பொடி எழுத்தில் இருந்ததுதான் உண்மை: ஒரு சேனலுக்கு 50 வாட் ஆர்எம்எஸ், 4 ஓம். வாட்டையும் ஓமையும் பெருக்கினால் 200. அதன் வர்க்கமூலம் 14.1. ஆக, அந்த ஆம்ப்ளிஃபையர் தரவேண்டிய தான்சியோன் 14.1 வோல்ட்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தோம். முதலில் ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றச் சொன்னேன். இல்லையென்றால் ஸ்பீக்கரும் போகும், தெருவும் எழுந்து வரும். பாஸ் பூஸ்ட், எக்குவலைசர், ஃபில்டர் எல்லாம் நிறுத்தம். 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை அவன் செல்போனில் இறக்கி பென் டிரைவில் போட்டான். மலிவு மல்டிமீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணை ஒட்டித்தான் சரியாக அளக்கும், அதனால் 50. ஸ்டீரியோவின் வால்யூம் 35 வரை போகும், 27இல் வைத்தோம். அதற்குமேல் எப்போதும் போகக் கூடாது என்பது ஒப்பந்தம். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் தொட்டால், அவன் வைத்திருந்த கெயினில் 19 வோல்ட்! 19ஐ 19ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 90 வாட். 50 வாட் ஸ்பீக்கர் வேறென்ன செய்யும்?

குமிழைக் கடைசிவரை இறக்கி, பிறகு நூல் நூலாக ஏற்றி, 14.1இல் நிறுத்தினோம். காதாலேயே கேட்டு வைக்கலாம் என்பாரும் உண்டு. எழுபதைத் தாண்டிய நமக்கு உயர்ந்த சுருதிகள் காதில் விழுவதே குறைவு. எனக்கு மீட்டர்தான் நம்பகம்.

ஒயர்களை மாட்டிப் பாட்டுப் போட்டதும், "சத்தம் கொறஞ்சிடுச்சே தாத்தா" என்று முகம் வாடினான். அடுத்த சென்னை சவாரி போய்வந்து, வரிகள் தெளிவாகக் கேட்பதாகச் சொன்னான். ஐந்து மாதம் ஆகிறது, ட்வீட்டர் மாற்றவில்லை. தவணையும் தவறவில்லை.

குமிழின்மேல் அவன் அம்மாவின் நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறோம், சர்வீஸுக்கு விடும்போது யாராவது திருகிவிட்டால் தெரிவதற்கு. ஸ்டீரியோவை மாற்றினாலும், பாஸ் பூஸ்ட்டை ஏற்றினாலும் அந்தப் புள்ளி செல்லாது, மறுபடி மீட்டரோடு மேலே வா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.