எண்ணும் அதன் உரையும்

சங்க நூல்களுக்குச் சொல்லடைவு அமைக்கும் சிறு ஜாவா நிரல் ஒன்றைச் சில ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். நமக்கு ஓரெழுத்தாகிய ‘கொ’ யூனிகோடில் இரு குறியீடுகள். ஆகவே, ஒரு சொல்லின் எழுத்துகளை எண்ணுவதற்கே தனி வழி வேண்டும். ஒவ்வோர் எழுத்தையும் தனிச் சரமாக வெட்டியெடுத்து எண்ணலாம். வெட்டாமல், குறியீடுகளைப் பார்த்தபடியே நகர்ந்தும் எண்ணலாம். எது விரைவானது?

கடிகாரத்தைக் கொண்டு மட்டும் இதை அளந்துவிட முடியாது. ஜாவாவை இயக்கும் ஹாட்ஸ்பாட், அடிக்கடி இயங்கும் பகுதிகளை மட்டும் போகப்போக இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. கணக்கின் விடையை யாரும் பயன்படுத்தவில்லை எனக் கண்டால் அக்கணக்கையே நீக்கிவிடவும் கூடும். அப்போது நாம் அளப்பது வெறுமையை. இத்தகைய பொறிகளைத் தவிர்க்கவே ஓப்பன்ஜேடிகே திட்டத்தில் ஜே.எம்.எச். என்னும் மைக்ரோபெஞ்ச்மார்க் கருவி உருவானது. அது நிரலைப் பலமுறை ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகே அளக்கிறது. விடை வீணாகாமலும் பார்த்துக்கொள்கிறது.

இவ்வளவு செய்தும் அக்கருவிக்குத் தன் எண்களின்மேல் செருக்கில்லை. இவை வெறும் தரவுகளே, காரணத்தை நீங்கள்தாம் தேட வேண்டும், அதற்குப் புரொஃபைலர்களைத் துணைக்கொள்ளுங்கள் என்னும் கருத்தில் முடிவில் ஓர் அறிவுரையையும் அச்சிடுகிறது.

என் சோதனையில் இரண்டாம் வழியே வென்றது. ஏன் என்பதை அந்த எண் சொல்லவில்லை. ஜே.எம்.எச். உடன் வரும் ஜிசி புரொஃபைலரை இணைத்ததும் ஒவ்வொரு முறைக்கும் எத்தனை பைட் நினைவகம் செலவாகிறது என்பது தெரிந்தது. முதல் வழி எழுத்துதோறும் புதுச் சரம் படைத்துக் குவிக்கிறது. இரண்டாவதன் செலவு ஏறத்தாழச் சுழியம். மூலத்துக்கு உரை கிடைத்தது போலிருந்தது. காரணம் தெரிந்த எண்ணைத்தான் வேறு கணினிக்கும் வேறு நூலுக்கும் நம்பி எடுத்துச் செல்லலாம்.

உரையாசிரியர்களும் மாறுபடுவார்கள் அல்லவா? டாட் மிட்கோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு ஜாவா புரொஃபைலர்கள் ஒரே நிரலில் மிகுந்த நேரத்தை உண்ணும் பகுதி எது என்பதிலேயே அடிக்கடி முரண்பட்டன. நிரல் பாதுகாப்பாக நிற்கக்கூடிய சில இடங்களில் மட்டுமே அவை மாதிரி எடுத்ததே முதன்மையான காரணம். அக்குறையைத் தவிர்க்கவே பின்னர் அசிங்க்-புரொஃபைலர் போன்றவை வந்தன.

ஓர் உரையோடு நில்லாமல் பல உரைகளை ஒப்பிட்டுப் பொருள் காணும்படி எம் ஆசிரியர்கள் பழக்கினார்கள். நானோ நொடிகளின் உலகிலும் அப்பழக்கமே கைகொடுக்கிறது.