மூணு சீட்டு

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்க சேரி. 1986இல் அம்மாவிடம் மூணு ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. ஒன்று கொக்கிப்புழுவுக்கும் ரத்தசோகைக்கும். ஒன்று யானைக்காலுக்கு. கடைசியாக வந்தது காசநோய்ச் சீட்டு. மூணையும் மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு மூணு வரிசையில் நிற்பாள். ஒருநாள் டாக்டரிடம் கேட்டே விட்டாள்.

"அய்யா, சீட்டு மூணு குடுத்திருக்கீங்க. ஒடம்பு ஒண்ணுதானுங்களே?"

"ஒனக்கெதுக்கு அதெல்லாம்? மாத்திரைய ஒழுங்கா முழுங்கு. சேரியில என்னைக்குச் சுத்தம் இருந்துச்சு!"

அம்மா வாயை மூடிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

பிறகு நாலெழுத்துப் படித்தபோது அந்தக் கேள்வியைத் தேடிப் போனேன். அம்மா கேட்டது சரியான கேள்வி.

உடம்பின் காவல் ஒரே விதமானதல்ல. புழுவை எதிர்க்க ஒரு விதம். காசக்கிருமி, மலேரியா மாதிரி உயிரணுவுக்குள்ளேயே புகுந்துகொள்வதை எதிர்க்க வேறொரு விதம். ஒன்று ஓங்கினால் மற்றது தணியும். அதோடு, புழு வருஷக்கணக்கில் தங்கிப் பிழைக்க வேண்டுமே, அதற்காக உடம்பின் கோபத்தையே அடக்கி வைக்கிறது. அடங்கிப்போன உடம்பில் அடுத்து வரும் கிருமிக்கு வழி லேசாகலாம். காசக்கிருமி உள்ளே இருந்தும் நோயாக வெளிவராதவர்களைச் சென்னையில் ஆராய்ந்து 2009இல் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் யானைக்கால் புழுவும் சேர்ந்திருந்தவர்களின் ரத்தத்தில் காசத்தை எதிர்க்கும் வேகம் குறைந்திருந்தது.

புழு இருந்தால் காசம் வந்தே தீரும் என்பதில்லை. எல்லா ஆய்வும் ஒரே முடிவைச் சொல்வதுமில்லை. அம்மாவுக்கு எதனால் எது வந்தது என்று என்னாலும் சொல்ல முடியாது.

ஆனா வந்த வழி தெரியும். கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகிறது. அப்போ குடித்தெருவில் எங்க சனம் செருப்புப் போட்டு நடக்க முடியாது. அம்மா செருப்பே வாங்கியதில்லை. வெளிக்கி ஒதுங்க வாய்க்கால் கரையை விட்டா வேற எடம் கிடையாது. யானைக்காலைப் பரப்பும் கொசு சாக்கடைத் தண்ணியில் பெருகுகிறது. குடித்தெருச் சாக்கடை எங்க தெருவுல வந்துதான் தேங்கும். காசம் காற்றில் பரவுவது. சன்னலில்லாத ஒரே குடிசையில் ஏழு பேர் படுத்திருந்தோம். இதுல எதுங்க எங்க சுத்தக்கேடு?

நோய்க்கொரு சீட்டு எழுதினார்கள். ஊரும் சேரியுமாகப் பிரிச்சு வச்சதுக்கு எந்தச் சீட்டிலும் இடமில்லை.

அம்மா இப்போ இல்லை. 2015 முதல் பள்ளிகளில் குடற்புழு நீக்க நாள் நடத்தி மாத்திரை கொடுக்கிறார்கள். எங்க தெருப் புள்ளைகளும் வாங்கி முழுங்குதுங்க. நல்ல காரியம்தான். அது வயித்துல இருக்குற புழுவைக் கொல்லும். மறுபடி ஏறுவதைத் தடுக்காது. தெருக்கோடியில சாக்கடை இன்னும் தேங்கித்தான் நிக்குது. மாத்திரை முழுங்கின புள்ள அதைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரணும்.